மோட்டார் படகை யார் ஓட்டலாம்? அட்டை, வயது, பயிற்சி

கோடை பிறந்துவிட்டால் வெள்ளிக்கிழமை மாலைகளில் ரொறன்ரோவிலிருந்து வடக்கே போகும் 400ஆம் நெடுஞ்சாலை நிரம்பி வழியும். சிம்கோ ஏரி, கவார்த்தா ஏரிகள், மஸ்கோகா, ஜோர்ஜியன் குடா என்று எங்கு போனாலும் நம்மவர்கள் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து கொட்டேஜ் எடுத்துத் தங்கியிருப்பதைக் காணலாம். வாடகை விளம்பரத்தில் ‘மோட்டார் படகும் உண்டு’ என்று ஒரு வரி இருந்தால் பிள்ளைகளுக்கு அதுவே போதும், வேறு எதையும் பார்க்க மாட்டார்கள். அந்தப் படகை உங்கள் குடும்பத்தில் யார் ஓட்டலாம், யார் ஓட்டக்கூடாது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு செய்ய முடியாத காரியங்கள் சில இதில் இருக்கின்றன.

சட்டம் கேட்பது என்ன?

கனடாவில் மோட்டார் பூட்டிய உல்லாசப் படகை ஓட்டும் எவரும், அதை ஓட்டும் தகுதி தமக்கு உண்டு என்பதற்கான அத்தாட்சியைப் படகில் வைத்திருக்க வேண்டும். படகு சிறியது, மோட்டார் சிறியது என்ற விலக்குக் கிடையாது. மீன் பிடிப்பவர்கள் பூட்டிக்கொள்ளும் சிறிய மின்மோட்டாருக்கும் இதே விதிதான். துடுப்பால் மட்டும் செலுத்தும் கனு, கயாக் போன்றவற்றுக்கு அத்தாட்சி தேவையில்லை. கார் லைசென்ஸ் இங்கே செல்லாது.

இந்த விதி 1999இல் வந்தது. முதலில் இளையவர்களுக்கு, பிறகு சிறிய படகுகளுக்கு என்று படிப்படியாக விரிந்து, 2009 செப்டெம்பர் 15 முதல் எல்லா வயதினருக்கும் எல்லா மோட்டார் படகுகளுக்கும் கட்டாயமானது. நூனவுட், வடமேற்குப் பிரதேசங்கள் ஆகிய இரண்டின் நீர்ப்பரப்புகளில் மட்டும் இது நடைமுறையில் இல்லை. அத்தாட்சியில்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் தண்டம் 250 டொலர். ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ் ஏரிகளில் ரோந்து வருகிறது. படகை நிறுத்தச் சொன்னால் பெரும்பாலும் முதலில் கேட்பது இந்த அத்தாட்சியையும் லைஃப் ஜாக்கெட்டுகளையும்தான்.

ஓட்டுபவர் என்றால் அந்த நேரத்தில் சுக்கானைப் பிடித்திருப்பவர். படகை வாடகைக்கு எடுத்தவர் யார், பணம் கட்டியவர் யார் என்பது பொருட்டல்ல. அத்தாட்சி வைத்திருக்கும் நீங்கள் ஐந்து நிமிடத்துக்கு மைத்துனரிடம் சுக்கானைக் கொடுத்தால், அந்த ஐந்து நிமிடமும் அவர்தான் ஓட்டுநர். அவருக்கும் அத்தாட்சி வேண்டும். வெறுமனே பயணம் செய்பவர்களுக்கு எதுவும் தேவையில்லை.

எந்த அத்தாட்சி?

நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்துவது இரண்டுதான். ஒன்று, உல்லாசப் படகு ஓட்டுநர் அட்டை. மற்றது, வாடகைப் படகுக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். இவை தவிர, 1999 ஏப்ரல் 1க்கு முன் கனடாவில் படகுப் பாதுகாப்பு வகுப்பில் தேறியவர்களின் பழைய சான்றிதழும், தொழில்முறைக் கப்பலோட்டிகளின் குறிப்பிட்ட சில சான்றிதழ்களும் செல்லும்.

அட்டை வாழ்நாள் முழுவதற்குமானது, புதுப்பிக்க வேண்டியதில்லை. கனடியப் போக்குவரத்துத் துறை தேர்வைத் தானே நடத்துவதில்லை. அது அங்கீகரித்த நிறுவனங்கள் இணையத்திலும் நேரிலும் நடத்துகின்றன. கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்தின் பெயர் துறையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தேர்வில் 50 கேள்விகள், தரப்பட்ட விடைகளில் சரியானதைத் தெரிவு செய்ய வேண்டும். 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கார் எழுத்துத் தேர்வில் தேறிய எவராலும் இதில் தேற முடியும். ஆனால் பாடத்தைப் புரட்டிவிட்டு விடைகளை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். படகின் பாகங்கள், மிதவைகள், வழிவிடும் ஒழுங்கு ஆகிய மூன்று பகுதிகளையும் கையில் ஒரு தாளை வைத்துப் படம் வரைந்து படியுங்கள். ஆங்கிலத்தில் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தால் இருவருக்கும் நல்லது. பிள்ளைகளும் அட்டை எடுக்கலாம், அதற்குக் குறைந்தபட்ச வயது இல்லை.

கனடாவில் வசிக்காத உறவினர்கள் வந்திருந்தால்? வெளிநாட்டவர் தம்முடைய சொந்தப் படகைக் கொண்டுவந்து 45 நாட்களுக்குள் திரும்பிப் போவதாக இருந்தால் அத்தாட்சி கேட்க மாட்டார்கள். லண்டனிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விமானத்தில் வருபவர் படகோடு வரப்போவதில்லை. அவர் ஓட்டுவது இங்கே பதிவான படகைத்தான். ஆகவே அவருக்கும் அத்தாட்சி வேண்டும்.

வாடகைப் படகும் அந்த ஒரு தாளும்

அட்டையோ மேலே சொன்ன வேறு சான்றிதழோ இல்லாதவருக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் ஒரே வழி வாடகைப் படகுப் பட்டியல். படகை வாடகைக்கு விடுபவர் உங்களோடு நின்று, அந்தப் படகை எப்படி இயக்குவது, பாதுகாப்புப் பொருட்கள் எங்கே இருக்கின்றன, அந்த ஏரியில் எங்கே பாறை, எங்கே ஆழமில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அதன்பின் இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் படகில் இருக்க வேண்டும். வாடகைக் காலம் முடிந்ததும் அதன் உயிரும் முடிந்துவிடும். கையெழுத்திட்டவர் மட்டுமே ஓட்டலாம். இரண்டு பேர் மாறி மாறி ஓட்ட நினைத்தால் இருவரும் அந்த விளக்கத்தைக் கேட்டுக் கையெழுத்திட வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படகுத்துறையில் கூட்டம் அள்ளும். கோடைகால வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் தாளை நீட்டி, “இங்கே, இங்கே, இங்கே” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போகப் பார்ப்பார். விடாதீர்கள். அவரைப் படகுக்குள் இறங்கி நிற்கச் சொல்லுங்கள். எஞ்சினை இயக்குவதையும் நிறுத்துவதையும் உங்கள் கையால் செய்து பாருங்கள். முன்னோக்கி, நடுநிலை, பின்னோக்கி ஆகிய மூன்றையும் படகு கட்டியிருக்கும்போதே மாற்றிப் பாருங்கள். சுக்கானருகே சுருள் சுருளாக ஒரு சிவப்பு நாடா தொங்கும். அதன் ஒரு முனை எஞ்சின் பொத்தானில், மறு முனை ஓட்டுநரின் லைஃப் ஜாக்கெட்டில். ஓட்டுநர் தண்ணீரில் விழுந்தால் நாடா இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். அதை மாட்டாமல் விட்டால், ஆளில்லாத படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். அந்த நாடாவை இழுத்தால் எஞ்சின் உண்மையாகவே நிற்கிறதா என்று துறையை விட்டுப் புறப்படுமுன் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

பிறகு பொருட்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட், 15 மீற்றர் நீள மிதக்கும் எறிகயிறு, துடுப்பு அல்லது நங்கூரம், தண்ணீர் இறைக்கும் வாளி அல்லது கைப்பம்பி, ஊதல், தண்ணீர் புகாத டோர்ச். படகின் விளிம்பு நீர்மட்டத்திலிருந்து அரை மீற்றருக்கு மேல் உயரமானால் ஏறிவர ஏணி போன்ற ஒன்றும் இருக்க வேண்டும். படகின் அளவுக்கும் எஞ்சினுக்கும் ஏற்ப இந்தப் பட்டியல் கூடும். பெற்றோல் எஞ்சின் உள்ளே பொருத்திய படகானால் தீயணைப்பான் கட்டாயம்.

கொட்டேஜோடு சேர்ந்து வரும் படகில்தான் நம்மவர்கள் அதிகம் சிக்குகிறார்கள். வீட்டுக்காரர் ரொறன்ரோவில் இருப்பார். சாவி வாசலில் பூட்டிய சிறு பெட்டிக்குள் இருக்கும். பட்டியலை விளக்கிக் கையெழுத்திட அங்கே எவரும் இருக்க மாட்டார். அப்படியானால் அட்டை இல்லாத எவரும் அந்தப் படகைத் தொடக்கூடாது. நண்பர் இரவல் தந்த படகுக்கும் இதுதான். இரவல் என்பது வாடகை ஆகாது. முன்பதிவு செய்யும்போதே வீட்டுக்காரரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் தெளிவில்லை என்றால் குடும்பத்தில் ஒருவராவது புறப்படுமுன் அட்டையை எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் ஓட்டலாமா?

12 வயதுக்கு உட்பட்டவர் தனியே ஓட்டினால் எஞ்சின் 10 குதிரைவலுவைத் தாண்டக்கூடாது. 12 வயதாகி 16 நிரம்பாதவர் தனியே ஓட்டினால் 40 குதிரைவலு வரை. 16 அல்லது அதற்கு மேற்பட்ட ஒருவர் அதே படகில் கூடவே இருந்து நேரடியாகக் கவனித்தால் இந்த வரம்பு இல்லை. கரையில் கதிரை போட்டு உட்கார்ந்து பார்ப்பது கவனிப்பில் சேராது.

நீர் ஸ்கூட்டர் வேறு கதை. ஜெட் ஸ்கீ, சீ-டூ என்று நாம் சொல்லும் அதை 16 வயது நிரம்பாதவர் ஓட்டவே கூடாது, தகப்பன் பின்னால் உட்கார்ந்திருந்தாலும்கூட. நம் வீடுகளில் 14, 15 வயதுப் பையன்கள் கெஞ்சிக் கேட்பதும் ‘ஒரு சுற்றுத்தானே’ என்று பெரியவர்கள் இளகுவதும் இதில்தான் அதிகம். தயவுசெய்து இளகாதீர்கள். பல நீர் ஸ்கூட்டர்களுக்குப் பிரேக் கிடையாது. விசையை விட்டுவிட்டால் திருப்பும் ஆற்றலும் பெரும்பாலும் போய்விடும். பயந்த பிள்ளை முதலில் செய்வது விசையை விடுவதுதான். அந்தக் கணத்தில் வண்டி எதை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததோ அதிலேயே போய் மோதும்.

கடலில் வளர்ந்தவர்களுக்கு

“தம்பி, நான் மயிலிட்டிக் கடலில வளர்ந்தவன். எனக்கு ஏன் அட்டை?” என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களின் கைத்திறமையை எவரும் மறுக்கவில்லை. காற்றின் முகத்தைப் பார்த்து நேரம் சொல்லக்கூடியவர்கள். ஆனால் இந்த ஏரிகளில் புதிதாகப் படிக்க வேண்டியவை அவர்களுக்கும் உண்டு. அதிலும் ஒன்று, அனுபவம் கூடக்கூட ஆபத்தும் கூடும் வகையானது.

இலங்கையிலும் இந்தியாவிலும் துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம் இருக்க வேண்டும். வட, தென் அமெரிக்காவில் நேர்மாறு. நீரோட்டத்துக்கு எதிராக மேலேறிப் போகும்போது சிவப்பு வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். உலகம் இரண்டு மிதவை வலயங்களாகப் பிரிந்திருப்பதால் வந்த வேறுபாடு இது. முப்பது வருடம் கடலில் பழகிய கை யோசிக்காமல் சிவப்பை இடப்பக்கம் விட்டுப் போகும். போனால் படகு பாறையில் ஏறும். ட்ரென்ட்–செவர்ன் நீர்வழியில் இன்னும் கவனம் வேண்டும். 386 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதை ஒன்ராறியோ ஏரிப் பக்கமிருந்து பல்சம் ஏரி வரை ஏறுகிறது. உச்சியைத் தாண்டியபின் ஜோர்ஜியன் குடாவை நோக்கி இறங்குகிறது. ஏற்றம் இறக்கமாக மாறும்போது மிதவைகளின் பக்கமும் மாறிவிடும். நீர்வழி வரைபடத்தை விரித்து வைக்காமல் அங்கே போகாதீர்கள்.

வழிவிடும் ஒழுங்கு உலகெங்கும் ஒன்றுதான் என்பது ஆறுதல். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கமிருந்து குறுக்கே வரும் மோட்டார் படகுக்கு நீங்கள் வழிவிட வேண்டும். முந்திப் போகிறவர் விலகிப் போக வேண்டும். பாய்மரப் படகுக்கும் கனுவுக்கும் எப்போதும் ஒதுங்கிக் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு குளிர். மே மாத விக்டோரியா நாள் விடுமுறையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆட்கள் டீ-சேர்ட்டோடு நிற்பார்கள். ஆனால் சில வாரங்களுக்கு முன்புவரை அந்த ஏரி பனிக்கட்டியாகக் கிடந்தது. தண்ணீர் 15 பாகைக்குக் கீழே இருந்தாலே உடல் அதைத் தாங்காது. விழுந்த உடனேயே, கேட்காமலே, வாய் திறந்து பெரும் மூச்சொன்றை இழுக்கும். தலை தண்ணீருக்கடியில் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரில் உடல் என்ன செய்கிறது என்று பல காலம் ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1–10–1 என்று எளிதாக்கித் தந்தார். முதல் 1 நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர. அடுத்த 10 நிமிடம் கைகால்கள் சொன்னபடி கேட்கும். உணர்விழக்க ஏறத்தாழ 1 மணி நேரம். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு நீந்த முடியாது. அந்த ஒரு மணி நேரத்துக்கு லைஃப் ஜாக்கெட் மட்டும்தான் அவரை மேலே வைத்திருக்கும்.

லைஃப் ஜாக்கெட்

வளர்ந்தவர்கள் அதை அணிந்தே ஆக வேண்டும் என்று உல்லாசப் படகுச் சட்டம் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் அளவான ஒன்று படகில் இருந்தால் சட்டத்துக்குப் போதும். எனக்கு அது போதாது, உங்களுக்கும் போதக்கூடாது. கனடாவில் படகு விபத்துகளில் மூழ்கி இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அதை அணியாதவர்கள் என்பதை உயிர்காப்புச் சங்கமான லைஃப்சேவிங் சொசைட்டி திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. அவர்களில் பலரின் படகில் அது ஆசனத்துக்கு அடியில் மடித்து வைத்தபடி இருந்திருக்கும். கவிழ்ந்த படகில் அதைத் தேடி எடுத்து, குளிரில் நடுங்கும் விரல்களால் கொளுவியை மாட்டுவது நடக்காத காரியம். ஆகவே கரையிலேயே அணிந்துகொண்டு ஏறுங்கள். சேலை, வேட்டி, சல்வார் எதுவானாலும் அதற்கு மேலே.

அளவு பார்ப்பது இப்படி: கொளுவிகள் எல்லாவற்றையும் பூட்டி, இழுத்து இறுக்கி, இன்னொருவரைத் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் நாடியைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அது பெரியது. பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே வரும் பட்டி அவசியம். அதில்லாவிட்டால் பிள்ளை கீழே நழுவ ஜாக்கெட் மட்டும் மிதக்கும். ‘அடுத்த வருடமும் போடலாம்’ என்று பெரிதாக வாங்கும் பழக்கம் பள்ளிக்கூடச் சட்டைக்குச் சரி, இதற்குச் சரிவராது. 9 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குப் பொருந்தும் ஜாக்கெட் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தையும் அதைப் பார்த்துக்கொள்பவரும் கரையில் இருக்கட்டும். காற்றடைத்து விரியும் வகை, 16 வயது நிரம்பாதவர்களுக்கும் 36.3 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் நீர் ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கும் ஆகாது.

எத்தனை பேர், என்ன நிலையில்?

6 மீற்றர் வரையிலான மோட்டார் படகில் ஓர் உலோகத் தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். எத்தனை பேர், எத்தனை கிலோ, எவ்வளவு பெரிய எஞ்சின் என்று அதில் எழுதியிருக்கும். அது அமைதியான தண்ணீருக்கான எண்ணிக்கை. சிம்கோ ஏரி பரந்தது, பல இடங்களில் ஆழம் குறைந்தது. காற்றெழுந்தால் சற்று நேரத்தில் குட்டையும் செங்குத்துமாக அலை எழும். ‘நெருக்கி இருப்பம், இன்னும் ஒராள் ஏறலாம்’ என்ற நம் அன்பு வீட்டு விறாந்தையோடு நிற்கட்டும். பெரியவர்களையும் பாரமான குளிர்பெட்டியையும் அணியத்தில் குவித்தால் முதல் அலையிலேயே தண்ணீர் உள்ளே வரும். நடுவில் சமமாகப் பரப்பி உட்காரச் சொல்லுங்கள், ஓடும்போது எவரும் எழும்பி நிற்க வேண்டாம்.

மதுவைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். காருக்குள்ள குற்றவியல் சட்டம் படகுக்கும் உண்டு. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற அளவும் அதேதான். ஒன்ராறியோவில் மதுபோதையில் படகோட்டிப் பிடிபட்டால் கார் லைசென்ஸும் போகும். ஓட்டாதவர்களும் ஓடும் படகில் குடிக்கக்கூடாது. நிலையான படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை மூன்றும் உள்ள படகு நங்கூரமிட்டோ துறையில் கட்டியோ இருந்தால் மட்டுமே குடிக்கலாம். நாம் வாடகைக்கு எடுக்கும் சிறு படகுகளில் இவை எதுவும் இருக்காது. ஆகவே போத்தல் கரையிலேயே.

ஒன்ராறியோவின் உள்நீர்ப்பரப்புகளில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. பிள்ளைகளை ரியூப்பில் ஏற்றி இழுப்பதானால் ஓட்டுநரைத் தவிர, இழுபடுபவரைப் பார்த்துக்கொண்டே இருக்க இன்னொருவர் படகில் வேண்டும். இழுபடும் ஒவ்வொருவருக்கும் படகில் ஓர் ஆசனம் காலியாக இருக்க வேண்டும். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பின் இழுக்கக்கூடாது. விழுந்தவரை ஏற்றும்போது எஞ்சினை முழுதாக நிறுத்துங்கள். நடுநிலை போதாது.

அட்டைக்குப் பிறகு

அட்டைத் தேர்வில் படகையே தொட வேண்டியதில்லை. அதனால் அட்டை கைக்கு வந்ததும் ஒருவருக்குப் படகோட்டத் தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். 1938இலிருந்து இயங்கிவரும் கனடியன் பவர் அண்ட் செயில் ஸ்குவாட்ரன்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு படகோட்டுவதிலும் வரைபடம் வாசிப்பதிலும் வகுப்புகள் நடத்துகிறது. விஎச்எஃப் வானொலி பாவிக்கத் தனிச் சான்றிதழ் வேண்டும், அதற்கும் அங்கே படிக்கலாம். கைத்தொலைபேசிச் சமிக்ஞை அறுந்துபோகும் ஜோர்ஜியன் குடாவில், 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்கத் தெரிந்த ஒருவர் படகில் இருப்பது பெரிய பலம்.

நீந்தத் தெரியாத குடும்பங்களுக்கு லைஃப்சேவிங் சொசைட்டியின் ‘ஸ்விம் டு சர்வைவ்’ பயிற்சியைக் கேட்டுப் பாருங்கள். ஆழமான தண்ணீரில் உருண்டு விழுந்து மேலே வருவது, ஒரு நிமிடம் நின்ற இடத்தில் மிதப்பது, 50 மீற்றர் நீந்துவது என்ற மூன்றே விடயங்கள்தான். அம்மாக்களும் அம்மம்மாக்களும் கூடப் பழகலாம்.

கிங்ஸ்டன், கனனோக்வே பக்கம் ஆயிரம் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே கனடா–அமெரிக்க எல்லை தண்ணீருக்குள் ஓடுகிறது. அந்தப் பக்கம் நியூயோர்க் மாநிலம். ‘பிரையானா சட்டம்’ என்று அழைக்கப்படும் விதியின்படி 2025 ஜனவரி 1 முதல் அங்கே மோட்டார் படகு ஓட்டும் எல்லோருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம். எல்லை தாண்டித் துறை பிடிப்பதானால் குடிவரவு, சுங்க நடைமுறைகளும் உண்டு. அவற்றை முன்னரே விசாரித்துவிட்டுப் படகை எடுங்கள்.

புறப்படும் காலையில், எந்த ஏரியில் எந்தத் திசையில் போகிறீர்கள், படகின் நிறம் என்ன, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கரையில் நிற்பவரிடம் கொடுங்கள். குறித்த நேரம் தாண்டி எவ்வளவு தாமதமானால் 911ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அட்டையைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, படகிலேயே, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அது தொலைந்துவிட்டால் மறுபடி தேர்வெழுத வேண்டியதில்லை. முதலில் தந்த நிறுவனத்தைக் கேட்டால் மாற்று அட்டை அனுப்புவார்கள்.